இரண்டு மூட்டை பிளீச்சிங்

குணசேகரனுக்கு ஒரே மகள். பெயர் ஷாலினி, வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அது போகப் பெயர் வைக்காத பிள்ளைகள் சில லட்சம் கோடி இருந்தார்கள். எண்ணிப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், "பாதி எண்ணிகினு இருக்கும்போதே மீதி குட்டி போட்டுடுதுங்க, இன்னா பண்றது" என்பான். சொல்லும்போது முகத்தில் ஒரு ரோமம் அசையாது.

அந்தப் பிள்ளைகள் குடியிருந்தது ஓடைக்கரையில் இருந்த சின்னக் கழிவுநீர் நிலையத்தின் தொட்டியில். திருத்தணி மலைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு லாட்ஜு, நான்கு கல்யாண மண்டபம், இரண்டு தெரு, இவற்றின் சாக்கடை மொத்தமும் குழாய் வழியாக அங்கே வந்து விழும். முதலில் இரும்புச் சல்லடை. துணி, வாழைப்பட்டை, பிளாஸ்டிக் கவர், யாரோ ஒருவருடைய பல்செட்டு, எல்லாம் அதிலேயே நின்றுவிடும். அப்புறம் தொட்டி. அடியில் பதித்த குழாய்களில் புளோயர் மெஷின் இராப்பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு, வருகிற அசிங்கத்தைத் தின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகும். தின்று கொழுத்தவை பக்கத்துத் தொட்டியில் கசடாக அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். படிந்ததில் முக்கால் பங்கு திரும்பத் தொட்டிக்கே வேலைக்கு வரும்; மிச்சத்தை மணல் பாத்தியில் பரப்பி வெயிலில் காயவைத்தால் வெடித்து வறட்டி போல ஆகும். திருவாலங்காட்டுக் கரும்புக்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

தினமும் காலையில் குணசேகரன் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொண்டு, பம்பு ஷெட்டில் தொங்கும் நாள்காட்டிக்கு முன்னால் ஸ்டூலில் வைப்பான். அரை மணி நேரம் போனால் காபித்தூள் நிறத்தில் கசடு கீழே இறங்கிவிடும். மேலே நிற்கிற தண்ணீர் வழியாக நாள்காட்டியில் தேதி படிக்க முடிந்தால்தான் அவனுக்குப் பசி எடுக்கும். தேதி மட்டுமல்ல, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ராகுகாலமும் தெரிந்தால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகப் போகும். அவனுடைய சைக்கிள் மணி கேட்டால் தொட்டி ஒரு விரற்கடை பொங்கும் என்றும் சொல்வார்கள். மறுத்துச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

சித்திரையில் புளோயரின் பெல்ட்டு அறுந்தது. புதுசு கேட்டு நான்கு நாள் போன் போட்டான். ஐந்தாம் நாள் பெல்ட்டு வந்தது. நான்காம் நாளே மாசுக்கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாம்பிள் ஃபெயில். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பிரகாஷ் மோட்டார் சைக்கிளை ஆஃப் பண்ணாமலே பேசினான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு சாம்பிள் ஃபெயில் ஆச்சுன்னா ஆளை மாத்தச் சொல்லிட்டாங்க."

"பெல்ட்ட மாத்தச் சொன்னேனே சார், அத நாலு நாளா மாத்தல. ஆள மட்டும் ஒடனே மாத்துவாங்களா?"

"அதெல்லாம் மேல இருக்கறவங்க விஷயம்ண்ணே. ஆடிக் கிருத்திகை முடிஞ்சு வர்ற திங்கக்கெழம திரும்ப எடுக்க வராங்க. பாத்துக்குங்க."

ஆளை மாற்றினால் வேலை மட்டும் போகாது. நிலையத்தின் வளாகத்திலேயே ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட குடியிருப்பு இருந்தது, அதுவும் போகும். குணசேகரனும் அவன் மனைவி சுலோச்சனாவும் எட்டு வருஷமாக அதில்தான் இருந்தார்கள்.

சுலோச்சனாவுக்கு அந்த வீட்டின் மேல் ஆசையும் இருந்தது, அவமானமும் இருந்தது. அவமானத்துக்குக் காரணம் அவளுடைய அக்காள் புருஷன் அருள்முருகன். அம்மையார்குப்பத்தில் எட்டு பவர்லூம் வைத்திருக்கிற ஆள். சேலைக் கட்டு ஏற்ற சொந்தமாகக் குட்டியானை வண்டி உண்டு. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவான். போன வருஷம் மலையிறங்கி இங்கே சாப்பிட வந்தார்கள். இலை போட்டு, சாம்பார் ஊற்றி, வடை வைத்ததும் அருள்முருகன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். "தப்பா எடுத்துக்காத சுலோச்சனா, தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது" என்றான். அக்காள் அனுசுயாவும் எழுந்தாள். பதினோரு இலை அப்படியே கிடந்தது. சுலோச்சனா அந்தச் சாம்பாரை நான்கு நாள் சூடு பண்ணிப் பண்ணிச் சாப்பிட்டாள், கோபத்தில்தான்.

"அன்னிக்கி மழை. காயற கசடு நனைஞ்சிச்சு, அதான் வாடை. தொட்டிக்கு வாடையே கெடையாதுமே. உழுத நெலம் மாதிரி ஒரு மண்வாசம், அவ்ளோதான்" என்று குணசேகரன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

"ஆங், சந்தனம் மணக்குது" என்பாள் அவள்.

இந்த வருஷம் அவள் காத்திருந்தாள். திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் தூவ நகராட்சி ஆட்கள் ஆறு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து, இடமில்லை என்று பம்பு ஷெட்டில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பரணி அன்று, அதாவது கிருத்திகைக்கு முந்தின நாள், குணசேகரனைத் திருவிழாக் கூட்டம் என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக் கூட்டம் மாலை நான்குக்குத் தொடங்கியது. கழிவுநீர் பற்றிய பேச்சு கடைசியில் வந்தது. வந்தபோது மின்சாரம் போய்விட்டது. அவன் ஒரு டீ குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

கேட்டைத் தாண்டும்போதே மூக்கு எரிந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தான். ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தான். காபி நிறம் போய்விட்டிருந்தது. வெளுத்த நுரை, துணி துவைத்த தண்ணீர் மாதிரி. விளிம்பில் இரண்டு காலி மூட்டை, அழகாக மடித்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.

"சுலோச்சனா!"

அவள் மாவுக் கையோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"பாத்தீங்களா? ஒரு துளி வாடை கெடையாது. பாத்ரூமுக்கு ஒரு கைப்பிடி போடறேன், இவ்ளோ பெரிய தொட்டிக்கு ரெண்டு மூட்டையாவது வோணாமான்னு நானே இஸ்துகினு வந்து கொட்டினேன். இடுப்பு போச்சு."

குணசேகரன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"இன்னாத்த பேசறது? எல்லாத்தையும் கொன்னுட்டியேமே."

"யாரை?"

"உள்ள இருந்ததுங்களை. பிளீச்சிங் போட்டா கிருமி சாவும்னு மூட்டை மேலயே எழுதிகீதுல்ல? கிருமிதான்மே அங்க வேலை செய்யுது! நான் இன்னா, அதுங்களுக்கு வாட்ச்மேன். எட்டு வருசமா சொல்லிகினு கீறேன்."

"நீங்க சொல்றது எதைத்தான் நம்பறது? பல்செட்டு சல்லடையில சிரிச்சிச்சுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

எட்டு வருஷமாகக் கதை விட்டுக்கொண்டே இருந்தவன் ஒரே ஓர் உண்மையையும் அந்தக் குரலிலேயே சொல்லி வைத்திருந்தான்.

"திங்கக்கெழம சாம்பிள்" என்றான்.

அப்போதுதான் அவளுடைய கையிலிருந்த மாவு காய ஆரம்பித்தது. அவள் தொட்டியையும் பார்த்தாள், வீட்டையும் பார்த்தாள். சாம்பிள் என்றால் என்ன, ஃபெயில் என்றால் என்ன என்பது மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிருத்திகை அன்று விடியும்போதே ஊர் நிரம்பிவிட்டது. ரயில் ரயிலாக மஞ்சள் துணி இறங்கியது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கில் அரோகரா போட்டுக்கொண்டு லாரி லாரியாக வந்தார்கள். மொட்டையடித்துக் குளித்த தண்ணீரெல்லாம் குணசேகரனிடம்தான் வந்து சேர்ந்தது. சல்லடையில் முடி திரிதிரியாகக் கட்டியது. அரை மணிக்கு ஒருதரம் வாரியால் இழுத்து இழுத்துப் போட்டான். மதியத்துக்குள் முடி அவன் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது. அதற்கு மேலேயும் குவிந்திருக்கும், ஆனால் அவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது நல்லது. உள்ளே வருகிற சாக்கடை எல்லாம் வந்த நிறத்திலேயே வெளியே போய்க்கொண்டிருந்தது. தின்ன ஆளில்லாத பந்தி அது.

ஜாடியில் மொண்டு வைத்தான். அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. ஒன்றும் இறங்கவில்லை. தேதி தெரியவில்லை, மாதம் தெரியவில்லை, நாள்காட்டியே தெரியவில்லை.

அரக்கோணம் பக்கம் ஒரு கம்பெனிக் குடியிருப்பில் இதே வேலை பார்க்கிற சாமுக்குப் போன் போட்டான்.

"பிளீச்சிங் வாசன இன்னும் இருக்கா?" என்று கேட்டான் சாம்.

"காலையிலேர்ந்து வந்த சாக்கடையிலயே அது செத்துச்சுப்பா. நைட்டெல்லாம் புளோயரும் ஓடிச்சு. இப்ப நாத்தம்தான்."

"அப்ப சரி. சாணி கரைச்சு ஊத்தி, வெல்லம் போட்டு, புதுசா வளக்கணும்னா மூணு வாரம் ஆவும் குணா."

"எனக்கு அஞ்சு நாளுதான் கீது."

"அப்போ உறை ஊத்தறதுதான் வழி. என் தொட்டியில நல்லா கெட்டியா, சோக்கா இருக்கு. பேரல்ல புடிச்சித் தரேன். வண்டி எடுத்துகினு வா. வெயில்ல நிறுத்திடாத, ரொம்ப நேரம் மூடியும் வெக்காத. காத்து இல்லன்னா அதுங்களும் போயிடும்."

வண்டிக்கு எங்கே போவது? கழிவுநீர் லாரிக்காரன், திருவிழா முடிகிற வரைக்கும் ஊருக்குள் பெரிய வண்டி விடமாட்டார்கள் என்றான். பிரகாஷ் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, "மலை மேல இருக்கேண்ணே, அரோகரா" என்று வைத்துவிட்டான். மினி லாரி வைத்திருந்தவன் ஒருவன் என்ன சரக்கு என்று கேட்டான். குணசேகரன் சொன்னதும், அந்தப் போனில் அப்புறம் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

இரண்டு மணிக்கு அருள்முருகன் குடும்பம் வந்தது. பூக்காவடி கட்டிய குட்டியானை. வண்டியின் நெற்றியில் வேப்பிலை, பக்கமெல்லாம் சாமந்தி மாலை, போலீஸ் ஒட்டிய காவடி வண்டி பாஸ். ஓடைக்கரையில் நல்ல காற்று. நாற்றத்தை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அறைக்குள் சுலோச்சனா சாம்பிராணி வேறு போட்டிருந்தாள். முருங்கைக்காய் சாம்பார், சுரைக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். அருள்முருகன் மூன்றாம் தடவை பாயசம் கேட்டான்.

"இந்த வருசம் வாடையே இல்லியே சுலோச்சனா! நல்லா வெச்சினு கீற."

சுலோச்சனா கரண்டியோடு நின்றாள். இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் காத்திருந்தவள், அது வந்ததும் குலுங்கி அழுதாள்.

"அய்யோ, இன்னாடி ஆச்சு?" அனுசுயா இலையை விட்டு எழுந்தாள்.

"நான் கொன்னுட்டேன்க்கா."

பாயசம் அருள்முருகனின் தொண்டையில் நின்றது. குணசேகரன் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னான். கதை விடுகிற குரலை விட்டுவிட்டு வேறு குரலில் சொல்லப் பார்த்தான். இருந்தது அந்த ஒரு குரல்தான்.

"சகல, உன் வண்டி வோணும். அரக்கோணம் போயி ஆறு பேரல் கசடு ஏத்திகினு வரணும்."

"காவடி வண்டியிலயா? யோவ், மாலை போட்டுகினு கீறேன்யா!"

"உன் வண்டிக்குத்தான் பாஸ் கீது. வேற எதையும் உள்ள வுடமாட்டான்."

"சாமி கண்ணைக் குத்தும்."

"மொட்டையடிச்ச தண்ணியெல்லாம் எங்க போவுதுன்னு சாமிக்குத் தெரியாதா? நேத்து வரைக்கும் அத நாங்கதான் கழுவி அனுப்பிச்சோம்."

"முடியாது சகல. இன்னா வேணா கேளு, இது முடியாது."

அப்போது சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவா, போன வருசம் பதினோரு எலைய அப்படியே வெச்சிட்டு எழுந்து போனீங்க. நான் ஒரு வார்த்த பேசல. உங்க மூக்குக்காகத்தான் நேத்து இடுப்பொடிய மூட்டை இஸ்தேன். இன்னிக்கி மூணு தடவ பாயசம் சாப்பிட்டீங்க. திங்கக்கெழம சாம்பிள் ஃபெயிலாயி எங்கள வெளிய அனுப்பிட்டா, அடுத்த வருசம் உங்க வூட்டுத் திண்டு மெத்தையிலதான் நாங்க வந்து உக்காரணும். இவரு கதை சொல்லுவாரு. தெனமும் சொல்லுவாரு. கேப்பீங்களா?"

அருள்முருகன் குணசேகரனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு காவடியை இறக்கிப் புங்கமரத்தடியில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்தான்.

போகும்போது தொல்லையில்லை. சாம் தயாராக இருந்தான். ஆறு நீலப் பேரல், கெட்டியாக, காபி நிறத்தில். குணசேகரன் ஒன்றில் விரலை விட்டு மோந்து பார்த்தான். மண்வாசம். காற்று வேண்டும் என்பதால் மூடியை இறுக்காமல் மேலே ஈரத் துணி கட்டினார்கள். வண்டியிலிருந்த துணியெல்லாம் மஞ்சள்தான். ஏற்றி முடித்ததும் குட்டியானை நிஜ யானை மாதிரி பின்புறம் அமுங்கி நடந்தது.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் போலீஸ் தடுப்பில் நிறுத்தினார்கள். மஞ்சள் துணி கட்டிய ஆறு குடம், சுற்றிலும் சாமந்தி, வேப்பிலை. நடந்துபோன நகரிக்காரப் பெண்கள் நாலு பேர் வந்து பேரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவி தலையிலிருந்த கதம்பத்தைக் கழற்றித் துணிமேல் வைத்தாள். "ரொம்பப் பெரிய பால்குடம் நைனா" என்றாள். அருள்முருகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னய்யா உள்ள?" ஏட்டு கேட்டார்.

மாலை போட்டவன் பொய் சொல்லக்கூடாது. அருள்முருகன் குணசேகரனைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாகக் குணசேகரனுக்கு உண்மையை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.

"உசுரு கீது சார். லேட் ஆனா போயிடும்."

"மீனா? தெப்பத்துக்கு வுடவா?"

"மீனை வுட சின்னதுங்க சார்."

"எங்க, சரவணப் பொய்கைக்கா?"

"இல்ல சார். அதுக்குக் கொஞ்சம் கீழ."

பின்னாலிருந்து பத்துப் பதினைந்து காவடிகள் நெருக்கின. யாரோ "அரோகரா" என்றார்கள். ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஓரமா போ, குலுக்காம போ" என்று தடுப்பை விலக்கினார். அதோடு விடாமல் விசில் ஊதிக் கூட்டத்தைப் பிளந்து வழியும் எடுத்துக்கொடுத்தார். திருத்தணியில் கசடுக்குக் கிடைத்த முதல் போலீஸ் மரியாதை அது.

வெளிச்சம் இருக்கும்போதே ஆறு பேரலையும் சரித்துத் தொட்டியில் ஊற்றினார்கள். கிழவியின் கதம்பத்தை மட்டும் சுலோச்சனா எடுத்துப் புளோயரின் கைப்பிடியில் சொருகினாள். அருள்முருகன் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பம்புசெட்டில் மூன்று தடவை குளித்தான்.

அப்புறம் நான்கு நாள். ஊருக்குள் தெப்பம் நடந்தது, வாணம் விட்டார்கள். குணசேகரன் எதையும் பார்க்கவில்லை. சுலோச்சனா இரண்டு வேளை வெல்லம் கரைத்து ஊற்றினாள். "நாலு கிலோ போதுமா? திருவிழாக் கூட்டத்துது எல்லாம் வருதே, செரிக்குமா அதுங்களுக்கு?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை ஜாடியில் கொஞ்சம் இறங்கியது. சனிக்கிழமை நாள்காட்டியில் முருகன் தெரிந்தார், தேதி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சல்லடை அடைத்துப் பாதி நாள் வீணாயிற்று. அவன் முடியைத் திட்டினான், கூட்டத்தைத் திட்டினான், பிரகாஷைத் திட்டினான். சுலோச்சனாவைத் திட்ட வாயெடுத்துவிட்டு, அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று மெதுவாகச் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சல்லடைக்கே திரும்பினான். திங்கட்கிழமை காலை தேதி தெரிந்தது. ராகுகாலம் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது.

பத்து நாள் கழித்துப் பிரகாஷ் காகிதத்தோடு வந்தான். இந்தத் தடவை மோட்டார் சைக்கிளை ஆஃப் பண்ணினான்.

"பாஸ் ஆயிடுச்சுண்ணே!"

குணசேகரன் காகிதத்தை வாங்கி, முதலில் ஒரு தடவை மோந்து பார்த்தான். அது ஏனென்று அவனுக்கே தெரியாது. சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆனா கீழ ஒண்ணு எழுதியிருக்காங்க" என்றான் பிரகாஷ். "வளாகத்தில் கிருமி நீக்கம் செய்யப்படவில்லை, உடனடியாகச் செய்யவும்னு. அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டி இரண்டு மூட்டை இருந்தது.

குணசேகரன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். "சார், அந்தக் கிருமியாலதான் சார் பாஸே ஆச்சு! அதுங்களைத்தான் நீக்கணும்னு எழுதிகீறாங்க!"

"அண்ணே, நீங்க எப்பவும் தமாஷ்தான். கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சு."

"தமாஷ் இல்ல சார்!"

பிரகாஷ் சிரித்தான். பேனாவை நீட்டினான். குணசேகரன் சுலோச்சனாவைப் பார்த்தான்.

"போட்டு வாங்கிக்குங்க" என்றாள் அவள். மூட்டைகளை அவளே அவிழ்த்து, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், தொட்டிக்கு எட்டாத தூரத்தில் சமையல்கட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக் கதவைப் பூட்டினாள்.

பிரகாஷ் போனதும் குணசேகரன் கேட்டான்: "அத வெச்சினு இன்னாமே பண்ணப் போற?"

"அம்மையார்குப்பத்துக்குக் குடுத்து அனுப்பலாம். செப்டிக் டேங்க்கு நாறுதுன்னு அக்கா சொல்லிகினு இருந்திச்சு."

"அங்கயும் இதே மாதிரி இருக்குதுங்கமே. பிளீச்சிங் போட்டா அதுங்களும் சாவும்."

சுலோச்சனா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெல்லம் கரைத்த வாளியைத் தூக்கினாள்.

"அது பாவாவோட பசங்க" என்றாள். "அவரு பாத்துக்கட்டும். வழிய வுடுங்க, இதுங்களுக்கு நேரமாச்சு."